இரண்டாவது குழாய்

மார்ச் 4, செவ்வாய்

குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. கூட்டத்துக்கு வராதவர்கள் தப்பித்தார்கள். வந்தவர்களில் குனிந்து செருப்பைத் தேடாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

"குற்றாலலிங்கம்னு பேரு வச்சிருக்கிய, இனிமே தண்ணி வரலன்னா ஊரே உங்களத்தான் கேக்கும்" என்றாள் ஆவுடை. முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள் என்னைக் கேலி செய்ய என் பெயர் ஒன்றே போதும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

பொறுப்பேற்ற அன்றே இரண்டாவது போர்வெல்லும் கைவிட்டது. குழாயைத் திறந்தால் காற்றும் செம்மண்ணும்தான் வருகின்றன. இனிமேல் லாரித் தண்ணீர்தான். மேடவாக்கத்தில் லாரிக்காரர் 'நாளைக்கு' என்றால் அது நாளையைக் குறிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதே சமயம் எங்கள் வளாகத்தின் பின்பக்கம் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில், நாங்கள் குளித்ததும் துவைத்ததும் கழித்ததுமான தண்ணீர் தெளிந்து, தோட்டத்துக்குப் போக மீதி சாலைக் கால்வாயில் ஓடுகிறது. இந்தக் கட்டடத்தைக் கட்டியவர் அந்தத் தண்ணீருக்கென்றே இரண்டாவது குழாய் ஒன்றை எல்லா வீட்டுக்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை வருடமாக அது காய்ந்த குழாய். திறந்துவிட்டால் லாரி பாதியாகக் குறையும். இவ்வளவு எளிய காரியத்தை ஏன் செய்யவில்லை என்று பழைய செயலாளரிடம் கேட்டேன். "செஞ்சு பாருங்க" என்றார்.

அதற்காகத்தான் இந்த டைரி. பிற்காலத்தில் ஒரு சங்கத்துக்கு உதவியாக இருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

பயத்தைப் போக்க வேண்டுமென்றால் முதலில் நம் வீட்டில் செய்து காட்ட வேண்டும். ஆவுடை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பிளம்பர் அந்தோணியை வரச் சொன்னேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் குழாய்கள் ஏறும் சந்தில் புகுந்து, கழிப்பறைக்கு வரும் பழைய தண்ணீரை அடைத்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு வரும் இரண்டாவது குழாயின் வால்வைத் திறந்தார். ஐந்து நிமிட வேலை.

"சார், டாய்லெட்டுக்கு மட்டும் இல்ல, சர்வீஸ் பால்கனி குழாயும் இதே லைன்தான். மேடம்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

நல்லதுதான், சோதனை முழுமையாக இருக்கும். ஆவுடையிடம் இப்போது சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் அவளே சிரிப்பாள்.

மார்ச் 8, சனி

நிறமில்லை. மணமில்லை. ஆவுடை ஒன்றும் கவனிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் காபியோடு பால்கனிக்குப் போனேன். ஆவுடை புளி போட்டு விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த குத்துவிளக்கு. வெள்ளிக்கிழமை தோறும் அதைத் தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கினால்தான் அவளுக்கு அந்த நாளே ஆரம்பிக்கும்.

"எதுக்கு அப்படியே பாத்துக்கிட்டு நிக்கிய?"

"காபி சூடா இருக்கு" என்றேன்.

காபி சூடாகத்தான் இருந்தது.

மார்ச் 19, புதன்

பரிசோதனைக்கூட அறிக்கை வந்துவிட்டது. கழிப்பறைக்கு, தரை துடைக்க, வண்டி கழுவ, செடிக்கு எல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். குடிக்கவும் சமைக்கவும் கூடாது. யாரும் குடிக்கச் சொல்லவில்லையே. அறிக்கையைப் பெரிய எழுத்தில் நகலெடுத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டினேன். மாலைக்குள் அதன் மேல் யாரோ யோகா வகுப்பு விளம்பரத்தை ஒட்டிவிட்டார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

காலை நடையின்போது தேவசகாயம் சாரிடம் திட்டத்தைச் சொன்னேன். நாலாவது மாடிக்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக்கொடி காட்டியே வாழ்ந்தவர், எனக்கு மட்டும் சிவப்பு.

"போன ஜென்மத்துல என்னவா இருந்துச்சுன்னு தெரிஞ்ச தண்ணியைத் தொடச் சொல்றீங்களே சார்" என்றார்.

தாம்பரத்தில் பெய்யும் மழை மட்டும் நேராக வானத்திலேயே பிறந்ததா என்று கேட்டேன். அவர் நடையை வேகமாக்கிக்கொண்டார். இப்படிப் பேச்சில் ஜெயிப்பது எனக்குக் கைவந்த கலை.

மாலையில் எதிர்வீட்டு ஹமீதா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். மேலப்பாளையத்துப் பெண். எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் ஆவுடைக்கும் அவளுக்கும் குடிவந்த வாரமே ஒட்டிக்கொண்டது. ரம்ஜான் மாதம் முழுவதும் அந்தச் சட்டி இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கும். கஞ்சி அருமை. ஆவுடை சட்டியைக் கழுவி, அதில் பேரீச்சம்பழம் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பொதுக்குழு காலையில் கீழ்த்தளக் கூடத்தில் கூடியது. தண்ணீர் விஷயம் என்பதால் கூட்டம் நிரம்பி வழிந்தது. பெண்கள் வரிசையில் ஆவுடையும் ஹமீதாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அறிக்கையைப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் நாறும் என்றார் ஒருவர். கொசு வரும் என்றார் இன்னொருவர். குழந்தைகள் தெரியாமல் வாயில் வைத்தால் என்ன செய்வது என்று ஓர் அம்மா கேட்டார். தேவசகாயம் தன் ஜென்மக் கணக்கை மறுபடி எடுத்து, இந்தத் தடவை கைதட்டலும் வாங்கிவிட்டார்.

அப்போதுதான் வைத்திருந்த வெடியைக் கொளுத்தினேன். மைக்கைப் பிடித்து, "இந்தத் தண்ணீர் ஒரு மாதமாக என் வீட்டில் வருகிறது. வாடை வந்ததா? கொசு வந்ததா? ஏன், என் மனைவிக்கே இன்றுவரை தெரியாது!" என்றேன்.

முன்வரிசை சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஹமீதா எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, எந்தக் குழாய்ல எந்தத் தண்ணி வருதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சாகணும். தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு செய்யுறோம், அதுக்குத்தான் கேக்கேன். டாய்லெட்டுக்கு மட்டுந்தானா, பால்கனி குழாய்க்குமா?"

"ரெண்டும் ஒரே லைன்தான்மா."

"பால்கனி குழாய்லதான அக்கா வெளக்கு தேய்ப்பாக?"

எல்லோரும் ஆவுடையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஹமீதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் ஹமீதாவைப் பார்த்தாள் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு எழுந்து, யார் காலையும் மிதிக்காமல் வரிசையை விட்டு வெளியே வந்து, மாடிக்குப் போய்விட்டாள்.

ஓட்டெடுப்பை ஏப்ரல் 27க்குத் தள்ளி வைத்தோம். பால்கனிக் குழாயின் ஞாபகமே எனக்கு வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

ஆவுடை அம்பத்தூரில் இருக்கும் தங்கை செண்பகம் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். இட்லி மாவு எந்தத் தட்டில் இருக்கிறது, பால்காரருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "நான் கொஞ்ச நாள் அங்கன இருக்கேன்" என்றாள்.

"விஞ்ஞானம் படிக்காதவ மாதிரி நடந்துக்காத. அறிக்கையைக் காட்டவா?"

"அறிக்கைய நீங்களே வச்சுக்கிடுங்க."

விளக்கைத் துண்டில் சுற்றி, பையில் வைத்து எடுத்துப் போனாள். அது இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம் ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

ரசத்தில் புளி அதிகம். சோற்றில் தண்ணீர் அதிகம். வீட்டில் சத்தம் குறைவு.

ஏப்ரல் 11, வெள்ளி

அம்பத்தூருக்குப் போன் செய்தேன். செண்பகம்தான் எடுத்தாள். "அக்கா குளிக்கா அத்தான்" என்றாள். மத்தியானம் செய்தேன், தூங்குகிறாள். மாலையில் செய்தேன், மறுபடியும் குளிக்கிறாள். அந்த வீட்டில் அவ்வளவு தண்ணீர் இருப்பது குறித்து மகிழ்ச்சி.

செண்பகத்திடமே விளக்கினேன். உலகத்தில் புதுத் தண்ணீர் என்று ஒன்று கிடையாது, எல்லாமே சுற்றிச் சுற்றி வருவதுதான் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் அக்காவுக்கும் தெரியும் அத்தான்" என்றாள். தெரிந்தால் ஏன் போனாள்? பெண்களோடு பேசி ஜெயிக்க முடியாது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். கடையில் வாங்கிய பாயசம் குடித்தேன். வேப்பம்பூவை எப்போது போடுவாள், வறுத்தா வறுக்காமலா என்று தெரியாததால் பச்சடி கிடையாது.

ஹமீதா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அண்ணாச்சி, நான் அன்னைக்கு எல்லார் முன்னாடியும் வெளக்கப் பத்திக் கேட்டிருக்கக் கூடாது. வாயில வந்துட்டு."

"நீ கேட்டதுல தப்பில்லம்மா. சாதாரணத் தண்ணி விஷயத்தை அவதான் பெருசாக்கிட்டா."

அவள் இல்லை என்பது போல் தலையாட்டினாள். "அக்கா நேத்து எனக்குப் போன் பண்ணாக. ரொம்ப நேரம் பேசினாக. அழுதாக. தண்ணி சுத்தமா அழுக்கான்னு ஒரு வார்த்தை பேசல அண்ணாச்சி."

வேறு எதைப் பற்றிப் பேசினாள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஆவுடை அழுது நான் பார்த்தது அவள் அப்பா இறந்தபோது மட்டும்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

திட்டம் கவிழ்ந்தது போலத்தான்.

வளாகம் முழுக்க ஒரே பேச்சு. 'லிங்கம் சார் தன் வீட்டம்மாவுக்கே சொல்லாமல் திறந்துவிட்டவர், நம் வீட்டில் திறக்க மாட்டாரா?' தேவசகாயம் டார்ச் லைட்டோடு குழாய்ச் சந்துக்குள் நுழைந்து ஒவ்வொரு வால்வாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டாவது மாடியில் ஒருவர் குளிக்கும் வாளியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குளிக்கிறாராம். லாரித் தண்ணீரையே ஒரு வீட்டில் கொட்டிவிட்டார்கள். தண்ணீர் இல்லாத ஊரில் நல்ல தண்ணீரைக் கொட்ட வைத்த பெருமை எனக்கு.

அந்தோணி சங்க அறைக்கு வந்தார். "சார், மேடம்கிட்ட சொல்லிடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன். இப்ப எல்லாரும் என்னை வழியில நிறுத்திக் கேக்கறாங்க. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் பின்னாலயே ஒருத்தர் வந்து நிக்கறாரு" என்றார்.

அவர் சொன்னார்தான். நான் மார்ச் 7ஆம் தேதி அதை எழுதியும் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 6ஆம் தேதி ஞாபகமே வரவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். பிற்காலச் சங்கத்துக்கு இந்த டைரி உதவாது.

ஏப்ரல் 19, சனி

எங்கள் வீட்டுக்கு வரும் இரண்டாவது குழாயின் வால்வை மூடி, பழையபடி மாற்றச் சொன்னேன். கசிவு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

கசிவு இல்லை. மறுபடி திறக்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அம்பத்தூர் போய் வந்தேன். தாம்பரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், வழியெல்லாம் வெயில். என்ன பேச வேண்டும் என்று பாயிண்ட் பாயிண்டாக யோசித்து வைத்திருந்தேன். செண்பகம் கதவைத் திறந்து, "வாங்க அத்தான்" என்று சொல்லி, கடைக்குப் போக வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கெட்டிக்காரி.

ஆவுடை காபி கொடுத்தாள். இளைத்திருக்கிறாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"சாப்பாடெல்லாம்?"

"சமைக்கேன்."

"பாத்தாலே தெரியுது."

முதல் பாயிண்டை ஆரம்பித்தேன். அந்தத் தண்ணீரில் கிருமி கிடையாது, அறிக்கை இருக்கிறது என்றேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தண்ணி சுத்தமா அழுக்கான்னு நான் உங்ககிட்ட கேட்டனா? நீங்க சொன்னா சுத்தமாத்தான் இருக்கும். நீங்க பொய் சொல்ல மாட்டிய, எனக்குத் தெரியாதா? ஆனா குழம்புல ஒரு கல் உப்பு கூடப் போடுததுக்கு முன்னாடி உங்களுக்கு ரத்தக்கொதிப்பாச்சேன்னு யோசிக்கேன். நீங்க என்னைய வச்சு ஒரு மாசம் பரிச்ச பண்ணியிருக்கிய. அத மைக்ல வேற சொல்லுதிய. எல்லாரும் சிரிக்காங்க."

நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெளக்குக்கூடப் பரவால்ல. சாமி கோவிச்சுக்கிட மாட்டாரு. ஹமீதா சட்டிய அந்தக் குழாய்லதான கழுவிக் குடுத்தேன்? சமையலுக்கு அந்தத் தண்ணி ஆகாதுன்னு உங்க அறிக்கையிலயே போட்டிருக்குல்லா? பகல் பூரா பச்சத்தண்ணி குடிக்காம இருக்குத புள்ள, அதுலதான் கஞ்சி காய்ச்சி நோம்பு தொறந்திருக்கா. நான் போன்ல சொல்லி அழுதேன். 'அக்கா, நான் எப்பவும் இன்னொரு தடவ அலசிட்டுத்தான் அடுப்புல வைப்பேன், நீங்க மனச விடாதீங்க'ன்னு அவ எனக்கு ஆறுதல் சொல்லுதா. எனக்குத் தெரியாம என் கையால அதச் செய்ய வச்சுட்டிய."

அன்று கூடத்தில் அவள் ஏன் ஹமீதாவைப் பார்த்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சட்டியைக் கழுவும்போது நான் பால்கனிக் கதவருகில்தான் நின்றிருந்தேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

என்னுடைய பாயிண்டுகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "தப்புப் பண்ணிட்டேன் ஆவுடை" என்றேன். முப்பத்தைந்து வருடத்தில் அவளிடம் நான் இதைச் சொன்னதாக ஞாபகமில்லை. அவளுக்கும் ஞாபகமில்லை போல, சற்றுத் திகைத்துப் பார்த்தாள்.

பிறகு வளாகத்தில் நடப்பதைச் சொன்னேன். தேவசகாயத்தின் டார்ச் லைட், முகர்ந்து பார்க்கும் வாளி எல்லாவற்றையும். தேவசகாயம் சந்துக்குள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்ததைச் சொன்னபோது லேசாகச் சிரித்தாள்.

"பயப்படத்தான செய்வாங்க? வால்வு வெளிய சந்துக்குள்ள இருக்கு. யாரு தொறக்கா, யாரு மூடுதான்னு வீட்டுல இருக்கவங்களுக்கு எப்படித் தெரியும்? கேஸ் அடுப்புக்கு ரெகுலேட்டர் வீட்டுக்குள்ளதான இருக்கு? ராத்திரி நான்தான மூடுதேன்? அதனாலதான் நிம்மதியாத் தூங்குதோம்."

கிளம்பும்போது, "இருபத்தேழாம் தேதி ஓட்டு" என்றேன்.

"தெரியும். வீடு எம்பேர்லதான இருக்கு? வாரேன்."

வீட்டுக்கு வருகிறாளா, ஓட்டுப் போட வருகிறாளா என்று கேட்கவில்லை. பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, எழுந்து ஒரு பெண்மணிக்குக் கொடுத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கூட்டம் முடிந்தது.

மைக்கைப் பிடித்ததும் முதலில் ஆவுடையைத் தேடினேன். போன தடவை உட்கார்ந்த அதே இடத்தில், ஹமீதாவின் பக்கத்தில் இருந்தாள். "போன கூட்டத்தில் நான் பெருமையாகச் சொன்ன விஷயம் பெருமைக்குரியதல்ல. வீட்டில் கேட்காமல் செய்தேன். அதற்காக என் மனைவியிடமும் எதிர்வீட்டு ஹமீதாவிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். எழுதி வைத்துக்கொண்டு படிக்கவில்லை, அதனால் குரல் கொஞ்சம் தடுமாறியது. யாரும் சிரிக்கவில்லை. தேவசகாயம் மட்டும் இருமினார்.

பிறகு தீர்மானத்தைச் சொன்னேன். பால்கனிக் குழாய் இந்த லைனிலிருந்து துண்டிக்கப்படும். தண்ணீர் கழிப்பறைத் தொட்டிக்கு மட்டும் போகும். குழாய்க்கு ஊதா நிறம் அடிக்கப்படும். வால்வு சந்தில் இருக்காது, ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளே இருக்கும். அதைத் திறப்பதும் மூடுவதும் அந்தந்த வீட்டாரின் இஷ்டம்.

"வேண்டாம்னு சொல்றவங்களுக்கு?" என்று தேவசகாயம் கேட்டார்.

"அவர்களுக்கு லாரித் தண்ணீர். சமையலுக்கும் குளிக்கவும் குழாயில் வரும். கழிப்பறைக்கு வேண்டியதைக் கீழ்த்தொட்டியிலிருந்து வாளியில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காக மோட்டாரைக் கூடுதலாக ஓட்டி மேலே ஏற்ற முடியாது."

இந்த விதி நான் யோசித்தது. வாளி தூக்கச் சோம்பேறித்தனப்பட்டே முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டவனுக்குக் கொஞ்சமாவது சாமர்த்தியம் மிச்சமிருக்க வேண்டாமா?

கை தூக்கச் சொன்னோம். ஹமீதா தூக்கினாள். ஆவுடையும் தூக்கினாள், மற்றவர்களைவிடச் சற்று உயரமாகவே. தீர்மானம் நிறைவேறியது. தேவசகாயம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆவுடை பையோடு வீட்டுக்கு வந்தாள். அடுப்படியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய தண்டனை. விளக்கை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள்.

மே 7, புதன்

அந்தோணியும் அவர் ஆட்களும் வீடு வீடாக வால்வு பொருத்துகிறார்கள். எங்கள் மாடிக்கு இன்று வந்தார்கள். ஹமீதா வீட்டில் முதலில் முடிந்தது. அவள் தானே வால்வைத் திருப்பிப் பார்த்து, மூடிப் பார்த்து, மறுபடி திறந்து வைத்துக்கொண்டாள். பிறகு எங்கள் வீடு. அந்தோணி கருவிப் பையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "மேடம் சொல்லட்டும் சார்" என்றார்.

சரிதான் என்று அடுப்படிக்குப் போனேன்.

"ஆவுடை, அந்தோணி வந்திருக்காரு. நம்ம வீட்டுல போடலாமா?"

"வேண்டாம்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"டாய்லெட்டுக்கு மட்டுந்தான். நீதான கை தூக்கின?"

"வேணுங்கவங்க விட்டுக்கிடட்டும்னு தூக்கினேன். எனக்கு வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்லுதேன். இப்ப மனசு வரல."

கோபம் வந்தது. எழுதாமல் என்ன, நன்றாகவே வந்தது. செயலாளர் வீட்டிலேயே இல்லையென்றால் ஊர் என்ன பேசும்? வால்வு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற யோசனையே இவளுடையதுதானே? வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பால்கனிக்குப் போய் நின்றேன். அந்தோணி காத்திருந்தார். ஹமீதா வீட்டுக் கதவு திறந்திருந்தது.

திரும்பி வந்து, "அடுத்த வீட்டுக்குப் போங்க அந்தோணி" என்றேன்.

மே 8, வியாழன்

வாளி எடுத்துக் கீழே போனேன். ஆவுடை தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம், அவளுக்கு முழங்கால் வலி. லிப்டில் தண்ணீர் தளும்பி என் வேட்டி நனைந்தது. மூன்று தடவை போய் வந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த விதியை எழுதிய மகானுபாவனை நினைத்துக்கொண்டேன்.

மே 11, ஞாயிறு

வளாகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லிப்டில் என் வாளியைப் பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்கள். வாட்ஸப் குழுவில் யாரோ வாளிப் படம் ஒன்றைப் போட்டு, கீழே என் பதவியை எழுதியிருக்கிறார்கள். ஆவுடைக்குக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பாவி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அவள் விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் நின்று காபி குடித்தேன். எதற்கு நிற்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் நிம்மதியாகக் குடித்தேன்.

மே 15, வியாழன்

காலையில் கீழ்த்தொட்டிக்குப் போனால் அங்கே தேவசகாயம் இரண்டு வாளியோடு நிற்கிறார். அவர் வீட்டிலும் வால்வு கிடையாதே. மார்ச் கடைசியில் நின்றுபோன எங்கள் காலை நடை, இப்படி வாளியோடு மறுபடி ஆரம்பமானது.

அவர் என் வாளியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார் இது? வாட்ஸப்புல சும்மா விளையாடறாங்கன்னு நெனச்சேன். நெசமாவே உங்க வீட்டுல இல்லியா?"

மார்ச் மாதமாக இருந்தால் இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பேன். இப்போது நடந்ததையே சொன்னேன்.

"வீட்டுல கேட்டேன் சார். வேண்டாம்னுட்டா."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"வேண்டாம்னதும் விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன். அதான் பாக்குறீங்களே."

அவர் நிரப்ப வந்த வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "நாளைக்கு எனக்குப் பிடிக்கலன்னு நான் மூடினாலும் இப்படித்தான் விட்டுடுவீங்களா?" என்றார்.

"வால்வு உங்க வீட்டுக்குள்ள இருக்கும் சார். நான் எப்படி வந்து திறக்க முடியும்?"

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, என் வாளி ஒன்றையும் சேர்த்து அவரே தூக்கிக்கொண்டு லிப்டு வரை வந்தார்.

மத்தியானம் அந்தோணி போன் செய்தார். "சார், தேவசகாயம் சார் வீட்டுல வால்வு போடச் சொல்லிட்டாரு. அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தி வெச்சிருந்த மூணு வீட்லயும் போடச் சொல்றாங்க. நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன். உண்மையும் அதுதான்.

ஆவுடையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி இந்த வளாகத்தில் வாளி தூக்கப்போவது நான் ஒருவன்தான் என்றும் சொன்னேன். அவள் தைலத்தை எடுத்து வந்து என் இடுப்பில் தேய்த்துவிட்டாள். அவள் கை சூடாக இருந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது, அதை இங்கே எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சற்று நேரம் கழித்து, "அடுத்த மாசம் மறுபடி ஒரு தடவ கேக்கட்டுமா?" என்றேன்.

"கேளுங்க" என்றாள் ஆவுடை. "நீங்க கேக்கதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது."